கோல்ஃப் ஆடுவீங்களா பெரியப்பா?

சிரிக்காதீங்க மக்களே! போன வாரம் காஞ்சிபுரம் போயிருந்தப்போ, பிள்ளையார்பாளையத்துல எங்க பெரியப்பாகிட்ட நிஜமாவே இப்படிக் கேட்டேன்.

காரணம் இருக்கு. 2006-ல சிக்குன்குனியா வந்தப்போ நான் மூணாவது படிச்சிட்டிருந்தேன். அந்த வருஷம் நாடு முழுக்க சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம்னு அரசுக் கணக்கு. பெரியப்பாவுக்குக் காய்ச்சல் ஒரே வாரத்துல போச்சு. மூட்டுவலி ஒரு வருஷத்துக்கு மேல விடலை. தறிக்குழியில கால் இறக்கி மிதிக்க முடியாது. அரை நாள் நெய்தா ரெண்டு நாள் படுக்கை. டாக்டரோ 'ரிப்போர்ட் எல்லாம் நார்மல்'னுட்டார்.

ரிப்போர்ட்ல சிக்காத இந்தக் கஷ்டத்தை அளக்கத்தான் கேள்வித்தாள்கள் இருக்கு. எஸ்.எஃப்-36னு ஒண்ணு, 1992-ல அமெரிக்காவுல வெளியானது. கொரோனாவுக்கு அப்புறம் மாசக்கணக்கா நீடிக்கிற தொந்தரவை ஆராயறவங்களும் இதைப் பயன்படுத்தறாங்க. அதோட ஆங்கில மூலத்துல, மிதமான வேலைக்கு உதாரணம்: மேஜை நகர்த்தறது, வாக்குவம் கிளீனர் தள்றது, கோல்ஃப் ஆடறது!

"2006-ஐ நெனச்சு பதில் சொல்லுங்க பெரியப்பா"ன்னேன்.

"கோல்ஃபா? ஆடினாத்தானேடா கஷ்டம் தெரியும். ஒரு கஷ்டமும் இல்லைன்னு போட்டுக்கோ."

முடிஞ்சுது கதை. தறியில உக்கார முடியாத மனுஷன், தாள்ல திடகாத்திரம். நம்ம பாஷையில சொன்னா, புரோகிராம் எரர் இல்லாம ஓடுது, அவுட்புட் தப்பு.

தமிழ்ல பெயர்த்து, திரும்ப ஆங்கிலத்துல பெயர்த்துச் சரிபார்த்தா வேலை முடிஞ்சிடாது. 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னன்னு புரிஞ்சுது?'ன்னு நோயாளிகிட்டயே கேக்கணும். நிலைமை மாறாதவர்கிட்ட ரெண்டு வாரம் கழிச்சுக் கேட்டா கிட்டத்தட்ட அதே மதிப்பெண் வரணும். நோயாளிக்கும் நல்லா இருக்கறவருக்கும் வித்தியாசம் தெரியணும். 'குரோன்பாக் ஆல்ஃபா 0.9'னு காலரைத் தூக்கிவிட்டா பத்தாது. கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் அது சொல்லும். எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி தப்பா இருந்தாலும் ஆல்ஃபா ஜோரா வரும்!

'உலகம் பூரா ஒரே கேள்வி இருந்தாத்தானே ஒப்பிட முடியும்?'னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா ஒண்ணா இருக்க வேண்டியது அளக்கிற விஷயம், வார்த்தை இல்லை. அங்க கோல்ஃப்னா, இங்க தறி.

கிளம்பும்போது பெரியப்பா சொன்னார்: "இன்னிக்கு நெய்தா நாளைக்கு எழுந்திரிக்க முடியுதான்னு கேளுங்கடா. அதை யாருமே கேக்கலை."

கேள்வித்தாள் எழுதறவங்க முதல்ல பிள்ளையார்பாளையத்துக்கு ஒரு நடை வந்துட்டுப் போகட்டும்.