மார்க்குப் பைத்தியம்

இணையதளம் வைத்துக்கொண்டு வியாபாரமோ, பிரசாரமோ செய்துவரும் அன்பர்களுக்குள் ஒரு பைத்தியம் வெகுநாளாகப் பரவி வருகின்றது. அதாவது, தங்கள் தளத்தில் என்ன இருக்கின்றது, அதைப் பார்க்க வருகின்றவர்கள் யார், வந்தவர்கள் என்ன பயனடைந்து போகின்றார்கள் என்பதைப் பற்றிச் சிறிதும் கவலை கொள்ளாமல், எவரோ அத்தளத்துக்குப் போடும் மார்க்கு எத்தனை என்பதையே காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருப்பதாகும். மார்க்கு ஒன்று கூடினால் ஆனந்தம். ஒன்று குறைந்தால் சோறு இறங்குவதில்லை. அந்த மார்க்கை எப்படிப் போட்டார்கள் என்று கேட்டால் தெரியாது. போடுகின்றவர்களுக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டாலும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காகக் கைப்பணத்தைக் கொட்டுகின்றவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம்.

முதலில் இந்த மார்க்கு பிறந்த கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு வாலிபர்கள் 1998-ம் வருஷத்தில் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார்கள். அதற்கு பேஜ்ரேங்க் என்று பெயர். ஒரு பக்கத்தில் மற்றொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், அது இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கத்துக்குப் போட்ட ஓட்டுப் போன்றது. ஆனால் எல்லா ஓட்டும் சமமல்ல. பலருடைய ஓட்டைப் பெற்ற பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். அதே பக்கம் நூறு பேருக்கு ஓட்டுப் போட்டால் அந்த மதிப்பு நூறாகப் பிரிந்துவிடும். கணக்கு நல்ல கணக்குத்தான். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கணக்கற்ற பக்கங்களுக்குள் எதை முன்னே காட்டுவது என்று தேடுபொறி தீர்மானிக்க அது ஓர் உதவி. அதுவும் பல உதவிகளில் ஒன்று.

வினை வந்தது 2000-ம் வருஷ டிசம்பரில். கூகுள் கம்பெனியார் ஒரு கருவிப்பட்டையை இனாமாகக் கொடுத்து, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதற்கு 0 முதல் 10 வரையில் ஒரு மார்க்கைப் பச்சைக் கோடாகக் காட்டினார்கள். இனாம் என்றால் வெறும் இனாமா? மார்க்கைப் பார்க்க விரும்புகின்றவர், தாம் பார்க்கும் பக்கத்தின் முகவரியையெல்லாம் கம்பெனிக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைப் பற்றி யோசித்தவர்கள் சிலரே. மற்றவர்கள் பச்சைக் கோட்டின் நீளத்தை அளக்கத் தொடங்கிவிட்டார்கள். உடனே தரகர்கள் முளைத்தார்கள். "7 மார்க்குள்ள பக்கத்திலிருந்து உமக்கு இணைப்பு வாங்கித் தருகின்றேன், மாதம் இவ்வளவு கொடும்" என்கின்ற பேரம் நடந்தது. விலை கொடுத்து வாங்கின ஓட்டு ஓட்டாகுமா என்பது வாங்கினவருக்கும் தோன்றவில்லை, விற்றவருக்கும் தோன்றவில்லை.

இதில் ஒரு வழக்கின் கதை எல்லோரும் அறியத்தக்கது. ஓக்லஹோமா மாகாணத்தில் சர்ச்கிங் என்னும் கம்பெனியார், மார்க்கு அதிகமுள்ள தளங்களில் விளம்பர இணைப்புக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் தரகுத் தொழிலை 2002-ல் துவக்கினார்கள். அவர்களுடைய தளத்துக்கு அப்போது 8 மார்க்கு. கொஞ்ச நாளில் 8 போய் 4 ஆயிற்று. தரகுக்கென்று வைத்த தளத்துக்கோ மார்க்கே இல்லாமற் போயிற்று. கூகுள் வேண்டுமென்றே குறைத்துவிட்டது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2003-ம் வருஷம் மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. என்ன தீர்ப்பு? அந்த மார்க்கு கம்பெனியாருடைய அபிப்பிராயம். அது மெய்யென்றோ பொய்யென்றோ நிரூபிக்கக்கூடியதல்ல. அபிப்பிராயம் சொல்ல அரசியல் சட்டப்படி அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே வழக்குத் தள்ளுபடி என்பதாகும்.

நிரூபிக்க முடியாத அபிப்பிராயம் என்று கோர்ட்டாரே சொல்லியாய்விட்டது. அப்படியும் பைத்தியம் தெளிந்ததா? 2009-ல் கூகுள் கம்பெனியாரே, தளக்காரர்களுக்கென்று வைத்திருந்த தங்கள் கருவியிலிருந்து இந்த மார்க்கை எடுத்துவிட்டு, இதையே பிடித்துத் தொங்க வேண்டாமென்றார்கள். யார் கேட்டார்கள்? இன்னும் வேடிக்கை என்னவென்றால், 2013 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பச்சைக் கோடு புதுப்பிக்கப்படவே இல்லை. 2016-ல் அது அடியோடு மறையும் வரையில், இரண்டு வருஷத்துக்கு மேல், நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வது போல அந்தச் செத்த மார்க்கைப் பார்த்துப் பெருமைப்பட்டவர்களும் விலை பேசினவர்களும் உண்டு.

நிற்க, செத்ததோடு ஒழிந்ததா என்றால் அதுவும் இல்லை. கூகுள் காட்டாவிட்டால் என்ன, நாங்கள் காட்டுகின்றோம் என்று வேறு கம்பெனிகள் கிளம்பி 100-க்கு இத்தனை என்று மார்க்குப் போடுகின்றன. இவற்றில் ஒன்றான மாஸ் கம்பெனியார், தாங்கள் போடும் மார்க்கைக் கூகுள் தன் வரிசைக்கு உபயோகிப்பதில்லை என்று தாங்களே எழுதி வைத்திருக்கின்றார்கள். அதைப் படிக்காமல் மார்க்கை மாத்திரம் படிக்கின்றவர்களை என்னவென்று சொல்லுவது?

"தேடுபொறியில் முன்னால் வராவிட்டால் எங்கள் கடைக்கு யார் வருவார்கள்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னால் வர வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முன்னால் வருவது வேறு, மார்க்கு வாங்குவது வேறு. இணைப்புகளைக் குவித்து முன்னால் வந்தவர்களின் கதியையும் பார்க்கலாமே. ஜே.சி. பென்னி என்பது அமெரிக்காவில் ஊருக்கு ஊர் கிளை வைத்த பெரிய கடை. 2010-ம் வருஷக் கிறிஸ்துமஸ் வியாபாரத்தில், உடுப்பைத் தேடினாலும் கம்பளத்தைத் தேடினாலும் அவர்கள் தளமே முதலில் வந்தது. சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அவர்களுக்கு இணைப்பு வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் கைவைத்ததும், ஒரு பயணப் பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் 71-வது இடத்துக்குப் போனார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி, ஆலோசனை சொன்ன கம்பெனியை விலக்கினார்கள். அவ்வளவு பெரிய கடை அதைத் தாங்கிற்று. கடன் வாங்கித் தளம் வைத்த சிறு வியாபாரி தாங்குவாரா?

மளிகைக் கடைக்காரர் சாயங்காலத்தில் கல்லாப் பெட்டியைத் திறந்து எண்ணுகின்றார். என்ன சரக்குத் தீர்ந்தது, எதைக் கேட்டு வந்தவர் வெறுங்கையோடு போனார் என்று பார்க்கின்றார். தளக்காரருக்கும் அந்தக் கணக்கு கையிலேயே இருக்கின்றது. எத்தனை பேர் வந்தார்கள், எதைத் தேடி வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எந்தப் பக்கத்தில் நுழைந்ததும் திரும்பிப் போனார்கள் என்பதையெல்லாம் செலவில்லாமல் அறிந்துகொள்ளலாம். அதைப் பார்ப்பதற்கு முன் தரகருக்குப் பணம் எண்ணுவானேன்?

அடுத்த முறை ஒரு தரகர் உங்களிடம் வந்து, "உம்முடைய மார்க்கை 20-லிருந்து 40 ஆக்குகின்றேன்" என்று சொன்னால், ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டி, "மார்க்கு இருக்கட்டும், அதனால் மாதம் எத்தனை ஆட்கள் அதிகமாக வருவார்கள் என்று எழுதி, வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதிக் கையெழுத்துப் போடும்" என்று கேட்டுப் பாருங்கள்.