ஒரு லாரித் தண்ணீரும் மூணு வகுப்பும்

முதலாண்டு இன்ஜினீயரிங் வகுப்புகள் தொடங்குகிற மாதத்தில், ஒருநாள் காலை ஏழேகாலுக்கு நாவலூரில் ரோட்டோரமாகப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். சோழிங்கநல்லூர் பக்கமிருந்து காலேஜ் பஸ்கள் வரிசை கட்டி வரும். படூர், கேளம்பாக்கம், களவாக்கம் என்று தெற்கே போகும். இதில் சீனியர் யார், ஃபர்ஸ்ட் இயர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் சாம்பு வர வேண்டியதில்லை. கழுத்தில் புது ஐ.டி. கார்டோடு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பக்கத்து சீட்டுக்காரனோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வருவது ஃபர்ஸ்ட் இயர்.

இந்த மௌனத்துக்குக் கல்லூரிகள் வைத்திருக்கும் மருந்தின் பெயர் 'இண்டக்‌ஷன்'. பெரும்பாலான இடங்களில் அது என்ன தெரியுமா? குத்துவிளக்கு. சேர்மன் உரை. பிளேஸ்மென்ட் அதிகாரி பவர்பாயின்ட்டில் காட்டும் சம்பளக் கணக்கு. கடைசியாக ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். 'உன்னால் முடியும்' என்று அவர் மைக்கில் கத்த, எண்ணூறு பேர் கை தட்டுவார்கள். போட்டோ எடுத்து ஃபைலில் ஒட்டியாச்சு. மறுநாள் காலை முதல் பீரியட் மேத்ஸ்.

விதி இப்படிச் சொல்லவில்லை. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் 2018 ஜனவரியில் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்திலேயே மூன்று வார இண்டக்‌ஷன் கட்டாயம் என்று போட்டது. விளையாட்டு, ஓவியம், ஊரைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் உண்டு. முக்கியமாக, சுமார் இருபது பேருக்கு ஓர் ஆசிரியர். அந்த உறவு அப்புறமும் தொடர வேண்டும். காந்திநகர் ஐ.ஐ.டி.யில் 2011 முதலே ஐந்து வாரம் இப்படி நடத்தினார்கள். நம் ஊரில் அந்த 'இருபதுக்கு ஒருவர்' என்ன ஆனது? மென்டார் நோட்டு ஆனது. ஆய்வுக் குழு வருகிறது என்றால் முதல் நாள் சாயங்காலம் எல்லா நோட்டும் மேஜைக்கு வரும். ஒரே பேனாவில் ஒரு வருஷத்துக் கையெழுத்து!

ராகிங்கை ஒழித்தோமே என்பார்கள். சரிதான். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு தனிச்சட்டமே கொண்டுவந்தது. அது அவசியம், இன்றும் அவசியம். ஆனால் சட்டம் நிறுத்தியது கொடுமையை. கல்லூரிகள் நிறுத்தியது பேச்சையே. ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி பிளாக், தனிச் சாப்பாட்டு நேரம், சில இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாடிப்படி. அடி விழாமல் பார்த்துக்கொண்டால் போதுமா? அந்தப் பையன் யாரிடம் போய், 'சார் சொன்னது ஒண்ணுமே புரியல' என்று சொல்வான்?

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது ஃபீஸும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தையே எடுத்துப் பாருங்கள். முதல் வருஷ வேதியியலில் தண்ணீரும் அதன் சுத்திகரிப்பும். லேபில் தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க வேண்டும். ஆங்கிலத்தில் கடிதம் எழுதப் பழக வேண்டும். 'தமிழரும் தொழில்நுட்பமும்' பாடத்தில் ஏரி, மதகு, சோழர் காலக் குமிழித் தூம்பு. எல்லாம் தண்ணீர், எல்லாம் அதே அறுபது பிள்ளைகளுக்கு. ஆனால் வேதியியல் மேடம் என்ன நடத்துகிறார் என்று தமிழ் ஐயாவுக்குத் தெரியாது. லேபில் பரிசோதிப்பது, அதற்கென்றே கலந்துவைத்த பாட்டில் தண்ணீர். வாசலிலோ ஹாஸ்டலுக்கு டேங்கர் லாரி வந்து நிற்கிறது. அந்தத் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று ஆசிரியர்களும் ஒரு மேஜையில் உட்காரட்டும். இருபது பேர் கொண்ட குழுவுக்கு ஒரு வருஷத்துக்கு ஒரே விஷயம்: ஓ.எம்.ஆர். தண்ணீர். லாரித் தண்ணீரை லேபுக்குக் கொண்டுபோங்கள். தாழம்பூர் ஏரியை நடந்து பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. அதற்கு முன் அங்கே எவ்வளவு குப்பை கொட்டினோம் என்று பாருங்கள். நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய கடல்நீர் ஆலையைப் பாருங்கள். பார்த்ததை வைத்துக் கலெக்டருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். செங்கல்பட்டுக் கலெக்டர் பதில் போடுகிறாரா பார்ப்போம்!

இதில் ஒரு வேடிக்கை நடக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு 2021-ல் இன்ஜினீயரிங்குக்கும் வந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற பெண், ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் ஏரியில் மதகு எங்கே இருக்கும், எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் யார் யாரோடு சண்டை போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சி.பி.எஸ்.இ.யில் படித்த அண்ணாநகர்ப் பையன் அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதம் எழுதும்போது அவள் அவனிடம் கேட்பாள். இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் உண்டாக்குவார்?

இது என் கற்பனைச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1927-ல் அலெக்ஸாண்டர் மீக்கிள்ஜான் என்பவர் ஒரு சோதனைக் கல்லூரி நடத்தினார். முதல் வருஷம் முழுக்கப் பழைய ஏதென்ஸ் நகரம் ஒன்றையே எல்லோரும் சேர்ந்து படித்தார்கள். அடுத்த வருஷம் நவீன அமெரிக்கா. நடுவில் அவரவர் ஊரைப் பற்றி ஆராய்ந்து எழுத வேண்டும். 1932-ல் அதை மூடிவிட்டார்கள். யோசனையை மூட முடியவில்லை. ஒரே குழு, ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு மூன்று பாடங்கள் என்ற ஏற்பாடு இன்று அங்கே பல பல்கலைக்கழகங்களில் உண்டு.

அமெரிக்கா எதற்கு, தாம்பரத்துக்கே வாருங்கள். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று விடுதிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து, தனித்தனிக் குடும்பமாக வளர்த்தார்கள். அங்கே படித்த பெரியவர் யாரையாவது கேளுங்கள். என்ன படித்தேன் என்பதற்கு முன்னால் எந்த ஹால் என்பதைச் சொல்வார்.

'சிலபஸை முடிக்கவே நேரமில்லை சார்' என்ற பதில் வரும். நான் சொன்னதே சிலபஸ்தான். உண்மையான தடை வேறு. முதல் வருஷப் பாடம் எடுக்கிற கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், தமிழ் ஆசிரியர்களைப் பல தனியார் இன்ஜினீயரிங் கல்லூரிகள் இரண்டாம்தரக் குடிமக்களாகவே நடத்துகின்றன. அட்மிஷன் சீஸனில் பிள்ளை பிடிக்க ஊர் ஊராக அனுப்புவதும் பெரும்பாலும் அவர்களைத்தான். இருபது பிள்ளைகளின் பெயரை மனசில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கொடுக்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. அதுதான் விஷயம்.

கவுன்சலிங் சமயத்தில் கல்லூரி பார்க்கப் போகும் பெற்றோர், ஏ.சி. ஆடிட்டோரியத்தையும் பிளேஸ்மென்ட் போர்டையும் பார்த்து முடித்ததும், முதல்வரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'என் பிள்ளையின் பெயரைச் செப்டம்பருக்குள் தெரிந்துவைத்திருக்கப் போகிற ஆசிரியர் யார்? அவரை இப்போதே பார்க்கலாமா?'