கிங் சைஸா, குயின் சைஸா?

மும்பை, புனே, பெங்களூருன்னு வேலைக்கு வந்து வீடு எடுக்கிற நம்மாளுங்க முதல் மாசமே பண்ற காரியம், கட்டில் பார்க்கப் போறது. ஷோரூம் பெருசு. அங்கே எந்தக் கட்டிலும் அளவாத்தான் தெரியும். "பத்துக்குப் பதினொண்ணு ரூமா? தாராளமா போகும் சார்"னு கடைக்காரர் சொல்லுவார். போகும்தான். போட்ட பிறகு மிச்சம் எவ்வளவு?

கணக்குப் போடுவோம். பத்தடி அகலம்னா 120 இன்ச். கிங் சைஸ் மெத்தை 72 இன்ச், கட்டில் சட்டத்தோட 76னு வைங்க. ஒரு பக்கச் சுவரோட ஒட்டிப் போட்டாலும் மிச்சம் 44. எதிர்ச் சுவர்ல 20 இன்ச் ஆழத்துக்கு ஒரு பீரோ வச்சா மிச்சம் 24. பீரோ கதவு 18 இன்ச்னா, திறந்து வச்சப்புறம் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில 6 இன்ச். ஆள் தாண்ட முடியாது.

அதே இடத்துல குயின் சைஸ் போடுங்க. மெத்தை 60, கட்டில் 64. பீரோ போக மிச்சம் 36 இன்ச். ஒரு பாய் விரிக்கலாம்.

அந்தப் பாய்க்காகத்தான் இவ்வளவும் சொல்றேன். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்தா, பசங்க ரூமை அவங்களுக்குக் கொடுத்துட்டு பசங்களை நம்ம ரூம்ல படுக்க வைப்போம். அங்கே இடம் இல்லேன்னா யாராவது ஹாலுக்குப் போகணும். "எனக்கு ஹால்தாம்ப்பா சௌகரியம்"னு எழுந்து போறது பெரும்பாலும் பெரியவங்கதான். ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போறவங்க சோபாவிலயும் டீப்பாயிலயும் இடிச்சுக்கிட்டுப் போகணும். பத்தே நாள்ல "டிக்கெட் போட்டுடு"ன்னு அவங்க சொன்னா, ஊர் நினைப்பு மட்டும்தான் காரணம்னு நினைக்காதீங்க.

"சின்னக் குழந்தை கூடப் படுக்குதே, பெரிய கட்டில் வேணாமா?"ன்னு கேட்பீங்க. குழந்தை நாலஞ்சு வருஷத்துல தனியாப் படுத்துக்கும். பெரியவங்களுக்கு வயசு ஏறிக்கிட்டேதான் போகும். அதோட, வாடகை வீடு. அடுத்த வீட்டு ரூம் ஒன்பதடியாவும் இருக்கலாம்.

டைல்ஸை எண்ணி அளவு சொல்ற வேலை வேண்டாம். ரெண்டடி டைல்ஸ்னு சொல்றது பெரும்பாலும் 600 மில்லிமீட்டர். அஞ்சு டைல்ஸ்னா பத்தடி இல்லை, ஒன்பதடி பத்து இன்ச்தான். பத்திரத்துல இருக்கிற கார்ப்பெட் ஏரியாவும் உதவாது. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி உள்சுவர்களும் அதுல சேர்த்திதான். இன்ச் டேப்பை எடுத்து, சுவருக்குச் சுவர் மூணு இடத்துல அளந்து, குறைஞ்ச அளவை எழுதுங்க. கதவு நிலையோட உள் அகலம், லிஃப்ட், மாடிப்படித் திருப்பம் எல்லாத்தையும் அளங்க. ஜன்னல் திரைக்கு, கம்பியிலேர்ந்து தரை வரைக்கும் அளக்கணும்.

கடைசியா, பழைய நியூஸ்பேப்பரைக் கட்டில் அளவுக்கு ஒட்டித் தரையில விரிச்சுப் போடுங்க. பக்கத்துல ஒரு பாயையும் விரிங்க. ரெண்டு நாள் அதைச் சுத்தி நடந்து பார்த்துட்டு, அப்புறம் கடைக்குப் போங்க.