நரம்பைப் பார்த்து விலை



பால் கொட்டகையில் வாளியை இறக்கிவிட்டு, மெட்ரோலாக் என்ன காட்டுகிறதோ என்று கிராணியின் முகத்தையே பார்த்து நின்ற குடும்பங்கள் நம்மில் ஏராளம். எடையும் அந்த எண்ணும் சேர்ந்துதான் அன்றைய கூலி. புகையிலை பயிரிடுகிறவர்களுக்கும் அப்படியொரு நிமிடம் உண்டு. அங்கே பார்க்கப்படுவது இலையின் நடுநரம்பு.

சீனாவின் யுன்னான் பகுதியை எடுத்துக்கொள்வோம். சூட்டறையில் உலர்த்தும் புகையிலைக்கு 1992-இல் அந்நாடு வகுத்த விதியில் 42 தரங்கள்! ரப்பர் ஷீட்டுக்குக்கூட இத்தனை கிடையாது. அங்கே முக்கியமான கேள்வி, இந்த இலை செடியில் எந்த இடத்தில் இருந்தது என்பதுதான். செடியோ வயலில், இலையோ மஞ்சளாகக் காய்ந்து கட்டில் கிடக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையைப் புரட்டி முதுகைப் பாருங்கள். வெற்றிலை நரம்பைக் கிள்ளியெடுக்கும் நம் பாட்டிமாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடியிலையின் நரம்பு மெல்லியது. இலையும் மெல்லிசு, அகன்று வட்டமாயிருக்கும், நிழலில் வளர்ந்ததல்லவா? நடுவிலையின் நரம்பு மிதமானது. சுருங்கிய பரப்பில் மறைந்தும் மறையாமலும் கிடக்கும், நுனியருகே சற்றே வளையும். மேலிலையின் நரம்போ தடித்துப் புடைத்து நிற்கும். இலை குறுகல், கனம். பூவை ஒடித்துவிடுவதால் சத்தெல்லாம் மேலிலைகளுக்குப் போகிறது. வேரில் உண்டாகும் நிக்கோட்டினும் அங்கேதான் அதிகம் சேரும்.

நல்ல விலை பெரும்பாலும் நடுவிலைக்குத்தான். மூன்றையும் கலந்து கட்டினால் கட்டு முழுவதும் தரம் இறங்கிவிடும், ஒரு பருவத்து உழைப்பும் அதோடு போகும். பறிப்பதே கீழிருந்து மேலாக என்பதால், ஒவ்வொரு பறிப்பையும் தனித்தனியே வைத்தவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஆனால் நரம்பை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். மழை பொய்த்தால் அடியிலையும் தடித்துப்போகும். வடிவம், கனம், நிறம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். வாங்குகிறவர் கண்மூடித் திறப்பதற்குள் தரத்தைச் சொல்லிவிடும்போது, விளைவித்தவர் இலையைப் புரட்டிக் காட்டி வாதாட இந்த அறிவுதான் கைகொடுக்கும். சூட்டறையிலேயே நரம்பை ஒடித்துப் பார்ப்பதும் அவசியம். ஒடியாமல் வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, கட்டில் பூசணம் பிடிக்கும்.

நம் கிளந்தானிலும் இது பெரிய தொழிலாக இருந்தது. 1973-இல் தேசியப் புகையிலை வாரியம் அமைந்தது. 2010-இல் கெனாஃப் பயிரும் அந்தப் பொறுப்போடு சேர்ந்தது. இப்போது புகையிலை வயல்கள் அருகிவிட்டன. அந்தப் பக்கம் உறவினர் இருந்தால், பழைய சூட்டறைகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.