மறியல் எதுவரை? ஒப்பந்தப் பேச்சு இழுபடும்போது சட்டம் தரும் இடம்

மதிய உணவு நேரத்தில் வங்கி வாசலில் பதாகை பிடித்து நிற்கும் ஊழியர்களைப் பார்த்து, "வேலைநிறுத்தமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது வேலைநிறுத்தம் அல்ல, மறியல். இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. அதைத் தெரியாமல் தாண்டியவருக்கு வேலையே போகலாம்.

1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டப்படி, கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குச் சங்கம் அழைப்பு அனுப்பினால் முதலாளி 14 நாளில் பதில் தர வேண்டும். அதன்பின் 30 நாளுக்குள் பேச்சு தொடங்க வேண்டும். தொடங்கத்தான் கெடு, முடிக்கக் கெடு இல்லை. புது ஒப்பந்தம் வரும்வரை பழைய ஒப்பந்தத்தின் சம்பளமே ஓடும். தகராறு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போனாலும், அங்கே அனுப்பப்பட்ட நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் தீர்ப்பு பின்தேதியிடப்படாது. ஆகவே தாமதத்தின் நட்டம் பெரும்பாலும் தொழிலாளி தலையில்தான் விழுகிறது. மேசையில் பேச்சு நகராதபோது சங்கங்கள் வாசலுக்கு வருவது இதனால்தான்.

அந்த வாசலில் நிற்பதற்கு அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. தொழில் தகராறு இருக்க வேண்டும். நிற்பவர் அந்தத் தகராறில் உள்ள தொழிலாளியாக இருக்க வேண்டும். தாம் வேலை செய்யும் இடத்திலோ அதன் அருகிலோ நின்று, அமைதியாகத் தகவல் சொல்லலாம், சக தொழிலாளியிடம் எடுத்துச் சொல்லலாம். மிரட்டக்கூடாது, உள்ளே வெளியே போகிறவர்களை மறிக்கக்கூடாது. தமிழில் மறியல் என்கிறோம், ஆனால் சட்டப்படி யாரையும் மறிக்கவே கூடாது என்பது வேடிக்கைதான். ஆதரவு தர வந்த அரசியல்வாதிக்கும், பக்கத்துத் தொழிற்சாலை நண்பருக்கும் இந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது.

போலீசுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. தொழிலுறவுச் சட்டத்துக்கும் தொழிற்சங்கச் சட்டத்துக்கும் உட்பட்ட மறியலுக்கு 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. வேலையைக் குறைப்பது, தாமதப்படுத்துவது, கூடிப் பேசி மெதுவாகச் செய்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேலைநிறுத்தம். உணவு இடைவேளை முடிந்தும் பத்து நிமிடம் கூட்டமாக வாசலில் நின்றால், நிர்வாகம் அதை மறியல் என்று எழுதாது. முறையான வேலைநிறுத்தத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு வேண்டும், அதில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரு பங்கினர் சம்மதிக்க வேண்டும், முடிவைத் தலைமை இயக்குநருக்கு அனுப்பி ஏழு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டால் வேலைநிறுத்தத்துக்குத் தடை. அந்தத் தடை விதிக்கும் 44ஆம் பிரிவு மறியலைக் குறிப்பிடவில்லை. வேலைநிறுத்தக் கதவு இத்தனை பூட்டுகளோடு இருப்பதால்தான் நம் நாட்டில் மறியலே பெரிய ஆயுதமாகிவிட்டது. இது தொழிலாளிக்கு நியாயமான நிலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் பூட்டுகள் சும்மா வரவில்லை. 1979இல் மலேசிய விமான நிறுவன ஊழியர்களின் தகராறில் சங்கத்தினர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே தொழிற்சட்டங்கள் இறுக்கப்பட்டன. அதற்கும் முன்னால், 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நம்மவர்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலையை நிறுத்தியபோது, முன்னின்ற ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று.

அண்மைய அனுபவம் ஈப்போ மருத்துவமனையில். 2020 ஜூனில் அங்கே துப்புரவுப் பணியாளர்களுக்காக நடந்த மறியலில் ஐவர் கைதானார்கள். அப்போது காட்டப்பட்டவை பெரும்பாலும் கோவிட் காலக் கட்டுப்பாட்டு விதிகள். தொழிலுறவுச் சட்டம் கொடுத்த உரிமையை வேறொரு சட்டம் வந்து மூட முடியும் என்பதைச் சங்கங்கள் அன்று நேரில் பார்த்தன.

தோட்டத்தில் இன்னொரு சங்கடம். பட்டணத்து ஊழியருக்கு வேலையிடம் ஒரு கட்டடம். அதன் வாசலுக்கு வெளியே பொதுச்சாலை. தோட்டத்திலோ லயம், கோயில், ஆலை, அலுவலகம் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் நிலம். பிரட்டுக் களத்தின் அருகே நிற்பது வேலையிடத்தில் நிற்பது. மேலாளரின் பங்களா முன் கூடுவது அப்படியல்ல. ஒருவர் குடியிருக்கும் இடத்தைச் சூழ்ந்து நிற்பதாக அதை வாதாட முடியும். கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதைச் சங்கச் செயலாளர் முதல் நாளே போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்வது நல்லது.

இன்று தோட்டங்களில் அந்நியத் தொழிலாளர்களே அதிகம். அவர்களும் சங்கத்தில் சேரலாம். ஆனால் வேலை பெர்மிட் முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருக்கும் ஒருவர், உணவு நேரத்தில்கூட பதாகை பிடிக்க எளிதில் முன்வர மாட்டார். மறியலில் வந்து நிற்கும் தலைகளைத்தான் நிர்வாகம் எண்ணிப் பார்க்கிறது.