ஃபார்வர்டடு ஆஸ் ரிசீவ்டு

பிசினஸ் லா வகுப்பு என்றாலே எங்கள் செட்டுக்குத் தூக்கம் வரும். மதியம் இரண்டு மணி, காரைக்குடி வெயில், சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத ஒரு ஃபேன்.. வேறு என்ன செய்வது? ஆனால் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு வகுப்பில் மட்டும் நான் முழு விழிப்பாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அன்றைக்குப் பாடம் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881. அதில் எண்டார்ஸ்மென்ட். தமிழ் மீடியத்துக்காரர்களுக்கு 'மேலெழுதுதல்'.

காமர்ஸ் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு வரி. ராமு சோமுவுக்கு ஒரு பில் எழுதித் தருகிறான். சோமு அதன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு கண்ணனுக்குத் தருகிறான். கண்ணன் கையெழுத்துப் போட்டு மணிக்குத் தருகிறான். நாள் வந்ததும் பணம் வரவில்லை. மணி யாரைப் பிடிப்பான்? ராமுவை மட்டுமில்லை. முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, நடுவில் கையெழுத்துப் போட்ட சோமுவையும் கண்ணனையும்கூடப் பிடிக்கலாம். 35-வது பிரிவு. "நான் வெறுமனே கை மாற்றித்தானே விட்டேன்" என்று யாரும் நழுவ முடியாது. கை மாற்றினாய் அல்லவா, அப்படியானால் பொறுப்பும் உன்னுடையது.

இது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர்கள் ரங்கூனிலும் கொழும்பிலும் பினாங்கிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில் உண்டியலை வைத்துத்தான் கடல் தாண்டிப் பணம் போய் வந்தது. (கோயில் உண்டியல் இல்லைங்க, இது வேறு!) ஒரு துண்டுக் காகிதம். அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்பதுதான் அதன் மதிப்பு. அந்த 1881 சட்டமே தன் முதல் பிரிவில், நாட்டு மொழி உண்டியல்களின் உள்ளூர் வழக்கத்தில் கை வைக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்கிறது.

அதே சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று உண்டு. கையெழுத்துப் போடுகிறவன் "எனக்குப் பொறுப்பில்லை" என்று எழுதிவிட்டே போடலாம். 'சான்ஸ் ரிகோர்ஸ்' என்பார்கள். சட்டப்படி செல்லும். ஆனால் அப்படி எழுதின பில்லை வாங்குகிறவன் இரண்டு தடவை யோசிப்பான். கொடுக்கிறவனே பொறுப்பேற்காத சரக்கு அல்லவா?

சார் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் ஞாபகம் வந்தது. அங்கே வருகிற பாதி செய்திக்குக் கீழே ஒரு வாசகம் இருக்கும். "ஃபார்வர்டடு ஆஸ் ரிசீவ்டு." வந்ததை வந்தபடி அனுப்பினேன், பொறுப்பு என்னுடையது இல்லை. சாட்சாத் 52-வது பிரிவு! பில்லில் அதைப் பார்த்தால் உஷாராகிற நாம், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பார்த்தால் அடுத்த ஐந்து பேருக்குத் தள்ளிவிடுகிறோம்.

சரி, இனிமேல் வருவது விளையாட்டு இல்லை.

2021 ஏப்ரல். நாங்கள் பத்தாவது. (ஆமாம், பரீட்சையே எழுதாமல் பாஸான அதே செட்தான். கேலி பண்ணுகிறவர்கள் பண்ணிக்கொள்ளலாம்.) 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்ச் 1-ம் தேதியிலிருந்தே தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஐயாவுக்கு அப்போது 68. சர்க்கரை உண்டு. அப்பா திரும்பத் திரும்பச் சொல்லி, ஒரு வழியாக அவரும் சரி என்று தலையாட்டி, 19-ம் தேதி திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதாக ஏற்பாடு.

15-ம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மக்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றுதான் அரசு மருத்துவமனைக்கே போய்ப் போட்டுக்கொண்டார், பேட்டியும் கொடுத்தார். மறுநாள் மாரடைப்பு. 17-ம் தேதி சனிக்கிழமை அதிகாலையில் இறந்துபோனார். இதயத்துக்குப் போகும் முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 16-ம் தேதியே டாக்டர்களும் சுகாதாரத் துறைச் செயலாளர் ராதாகிருஷ்ணனும் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று சொன்னது. எப்போது? அந்த வருஷம் அக்டோபரில். வாட்ஸ்அப்புக்கு ஆறு மாதம் எல்லாம் தேவையில்லை. சனிக்கிழமை காலை காபி ஆறுவதற்குள் எங்கள் குரூப்பில் நான்கு செய்தி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஐயாவுக்கும் அப்பத்தாவுக்கும் போனில் வருவதைப் படித்துக் காட்டுகிற உத்தியோகம் என்னுடையது. எழுத்து சின்னதாக இருக்கிறது என்பார்கள். அன்றைக்கும் நான்தான் படித்தேன். குரலை ஏற்றி இறக்கி, நியூஸ் வாசிக்கிற மாதிரி படித்தேன். படித்துவிட்டு சும்மா இருந்தேனா? என் ஸ்கூல் குரூப்புக்கும் ஒன்றைத் தட்டிவிட்டேன். ஐயா ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நாள் போகட்டும்யா, பாத்துக்கலாம்" என்றார்.

கொஞ்ச நாள்தான் போனது. மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று என்று டிவியில் ஓடிய அதே வாரம் ஐயாவுக்குக் காய்ச்சல் வந்தது. மாதக் கடைசியில் அவர் இல்லை. நான்கு பேர் போனார்கள். நான் போகவில்லை, விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரு டோஸ், அதுவும் ஒரு மாதத்துக்குள். இதை எனக்கு நானே நிறையத் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சங்கிலியில் என் கையெழுத்து இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. படித்தது என் குரல்.

இதில் ஒரு விஷயம் எனக்கு நன்றாக உறைத்தது. 'படிக்காத ஜனங்கள்தான் வதந்தியை நம்புவார்கள்' என்று நாம் பேசுவோம் இல்லையா, அது சுத்தப் பொய். எங்கள் குரூப்பில் அதிகமாக அனுப்பியது பினாங்கில் இருக்கும் பெரியப்பா. கம்பெனியில் பெரிய வேலை. இன்னொருவர் சென்னையில் இன்ஜினியர். படித்தவர்கள் அனுப்புவதால்தான் அதற்கு வெயிட்டே! எங்கள் அப்பத்தாவுக்கு அனுப்பத் தெரியாது, பாவம். கேட்க மட்டும்தான் தெரியும்.

கள்ளக் கையெழுத்தும் உண்டு. 2020 மார்ச்சில் யுனிசெஃப் பெயரில் ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. ஐஸ்கிரீம் சாப்பிடாதே, வெயிலில் நில், கிருமி போய்விடும் என்று. இதை நாங்கள் சொல்லவே இல்லை என்று யுனிசெஃப் மறுக்க வேண்டி வந்தது. (வெயிலில் நின்றால் கிருமி போகும் என்றால் சிவகங்கை மாவட்டத்துக்குள் கொரோனா நுழைந்திருக்கவே முடியாது என்பதையாவது நாங்கள் யோசித்திருக்கலாம்.)

அரைகுறை உண்மைதான் இருப்பதிலேயே மோசம். 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று கிளம்பியது ஞாபகம் இருக்கிறதா? முழுப் பொய். ஆனால் அதே மார்ச்சில் கேரளாவில் கோழிக்கோடு பக்கம் உண்மையிலேயே பறவைக் காய்ச்சல் வந்தது. அது வேறு கிருமி, வேறு நோய். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு போட்டோ போட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? செட்டிநாடு என்றாலே கோழி என்று உலகம் சொல்கிற ஊரில் கறிக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் முட்டை விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே போனது. ஹைதராபாத்தில் தெலங்கானா மந்திரிகள் மேடையில் ஏறி எல்லோர் முன்னாலும் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். கர்நாடகத்தில் பெலகாவி பக்கம் ஒரு பண்ணைக்காரர் உயிரோடு இருந்த கோழிகளைக் குழியில் கொட்டி மூடினார். கோழி முட்டையிடுவதையும் தீனி தின்பதையும் வதந்தி அடங்கும் வரை நிறுத்தி வைக்க முடியாதே. டிமாண்ட் விழுந்தால் சப்ளை குறையும் என்று படிக்கிறோம், நடுவில் தீவனக் கடன் யார் கட்டுவது என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

பிணத்திலிருந்து கொரோனா பரவும் என்ற பயம் அதையெல்லாம் விடக் கொடூரமாக முடிந்தது. 2020 ஏப்ரல் 19, சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தார். அவரை அடக்கம் செய்யப் போன ஆம்புலன்சைக் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டினார்கள். கடைசியில் அவருடைய நண்பர் டாக்டர் பிரதீப் ஆஸ்பத்திரி ஊழியர்களைக் கூட்டிக்கொண்டு நள்ளிரவில் போய், தானே மண்ணைத் தள்ளிப் புதைத்தார். அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை சிறை என்று அரசு அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டது. கல் எறிந்தவர்கள் மேல் வழக்கு பாய்ந்தது. அந்த பயத்தை அவர்கள் மண்டைக்குள் போட்டவர்கள் மேல்? அவர்கள் வந்ததை வந்தபடி அனுப்பியவர்கள்!

"அப்போ நம்ம பாட்டி வைத்தியம் எல்லாம் பொய்யா?" என்று ஒரு கேள்வி கண்டிப்பாக வரும். கபசுரக் குடிநீரை அரசாங்கமே கொடுத்தது, நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். எங்கள் வீட்டு வாசலிலும் வேப்பிலை தொங்கியது. எனக்கு அதில் சண்டையே கிடையாது. 'இதைக் குடித்தால் ஊசி வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம்' என்று அடுத்த வரியில் வருகிறது பாருங்கள், அங்கேதான் சண்டை. சித்தூர் பக்கம் 2020 ஏப்ரலில் டிக்டாக் வீடியோவைப் பார்த்து ஊமத்தை விதையை அரைத்துக் குடித்து ஒரு கூட்டமே ஆஸ்பத்திரியில் படுத்தது. ஊமத்தை விஷம் என்பதும் நம் பாட்டி சொன்னதுதானே?

இது கொரோனாவில் ஆரம்பித்ததும் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது நான் ஆறாவது. 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயது வரை எல்லோருக்கும் ஊசி. அப்போதும் வாட்ஸ்அப்பில் பூதம் கிளம்பி, பெற்றோர் பயந்து, முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டி வந்தது. ஸ்கூலில் ஊசி போட்ட அன்று நான் வீட்டில் ஜாலியாக கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இப்போதுதான் புரிகிறது.

என்னதான் செய்யலாம்? வாட்ஸ்அப் கம்பெனி தன் பங்குக்கு 2018-ல் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேர் என்று வைத்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே நிறையக் கை மாறின செய்தியை ஒரு தடவைக்கு ஒரு இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. நல்லதுதான், ஆனால் இது வேகத்தடை. வண்டி ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் கேட்கவில்லை. சட்டமும் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-வது பிரிவு, பேரிடர் பற்றிப் பொய்யான பீதியைப் பரப்பினால் ஒரு வருஷம் வரை உள்ளே. விவேக் விஷயத்தில் ஊசி மேல் பழி போட்டுப் பேசிய ஒரு நடிகர், தடுப்பூசி வாங்க 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் வாங்கினார். எனக்குத் தெரிந்து இந்த மொத்தக் கதையிலும் எண்டார்ஸ்மென்ட்டுக்குக் காசு கொடுத்தவர் அவர் ஒருவர்தான்! ஆனால் பெரியப்பாவையும் சித்தியையும் போலீஸ் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிப் பார்த்தால் முதலில் என்னைத்தான் பிடிக்க வேண்டும்.

எனக்குத் தோன்றியது சின்ன விஷயம். அந்த வகுப்பு முடிந்த அன்று ராத்திரி குடும்ப குரூப்பில் ஒரு செய்தி போட்டேன். இனிமேல் உடம்பு, மருந்து, ஊசி சம்பந்தமாக எது அனுப்பினாலும் கீழே அனுப்புகிறவர் தன் பெயரை எழுதி, எங்கே பார்த்தேன், நான் இதை நம்புகிறேன் என்று ஒரு வரி தன் கையால் டைப் பண்ண வேண்டும், முடியாவிட்டால் அனுப்பக் கூடாது. ஐயா பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது என்று நினைக்கிறேன்.

பினாங்குப் பெரியப்பா, "நேத்துப் பொறந்த பய எங்களுக்குச் சட்டம் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு குரூப்பிலிருந்து வெளியே போனார். அப்பாவுக்கு என் மேல் பயங்கரக் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. நான்காம் நாள் பெரியப்பாவே திரும்பி வந்தார். போன வாரம் முழங்கால் வலிக்கு ஏதோ ஒரு இலைச் சாறு பற்றி ஒரு செய்தி போட்டார். கீழே அவர் பெயர். அதற்குக் கீழே, "நண்பர் சொன்னார், நான் சாப்பிட்டுப் பார்க்கவில்லை" என்று ஒரு வரி. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவரே அதை டெலீட் பண்ணியிருந்தார்.

குட்மார்னிங் ரோஜாப்பூ மட்டும் வழக்கம் போல வந்துகொண்டிருக்கிறது. அதற்கு எண்டார்ஸ்மென்ட் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை :)