தேமல்தானே என்று மூடி வைக்காதீர்கள்!

உடம்பில் வெளிர்நிறத் தேமல் வந்தால் நம்மில் எத்தனை பேர் டாக்டரிடம் காட்டுகிறோம்? வயசுப் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். 'வெளியே தெரிஞ்சா வரன் தட்டிப் போயிடும்' என்று மூடி மறைக்கிறோம். தொழுநோய்க்கு அதுதான் வசதி.

இந்தக் கிருமி நுழைந்து நோய் வெளியே தெரியச் சராசரியாக 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகுமாம். தோலைக் கீறி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கிருமி கொஞ்சமாக இருப்பவர்களுக்குத் தெரியாது. பி.சி.ஆர். என்கிற மரபணு சோதனையில் அவர்களில் சிலருக்காவது பிடிபடுகிறது. 2001-ல் விஞ்ஞானிகள் இதன் மரபணு முழுவதையும் படித்தறிந்ததே தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்த கிருமியை வைத்துத்தான்! அந்தப் பலன் நம் ஊருக்குக் கிடைக்க வேண்டாமா?

கொரோனாவுக்கு ஊர் ஊராக பி.சி.ஆர். எடுத்தோமே! தொட்டால் உணர்ச்சி குறைந்த, டாக்டருக்கே சந்தேகமான தேமலுக்கும் மாவட்ட ஆஸ்பத்திரியில் இலவசமாக எடுக்கட்டும். முடிவை ரகசியமாகச் சொல்லட்டும்.

மருந்து இலவசம், 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகிவிடும். ஆனால் மடங்கிப்போன விரலை மாத்திரை நிமிர்த்தாது. பெண்ணைப் பெற்றவர்களே, வரன் முக்கியமா, அவள் விரல்கள் முக்கியமா?

- ஒரு வாசகி, விழுப்புரம்.